அக்காவிடம் வாங்கிய சத்தியம்

என் அக்காவுக்குக் காதோடு காதாகப் பேசத் தெரியாது. வீரகேரளம்புதூரில் தன் வீட்டு வாசலில் நின்று ஒருத்தரிடம் சுகம் விசாரித்தாள் என்றால், நாலு வீடு தள்ளி இருப்பவர் "சுகந்தான் தாயி" என்று பதில் சொல்வார். சாவு வீடு, ஆஸ்பத்திரி, டவுன் பஸ் எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். எல்லா இடத்திலும் ஒரே சத்தம். "மெல்லப் பேசுக்கா" என்று சொன்னால், "ஏன்லே, நான் என்ன திருடிட்டா வந்தேன்?" என்று அதையும் சத்தமாகத்தான் கேட்பாள். அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

அவள் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஒரு பழைய ஸ்கூட்டி, தோளில் ரெக்ஸின் பை, பை நிறைய விண்ணப்பப் படிவம். அந்தப் படிவத்தில் குடும்ப வரலாறு என்று ஒரு பக்கம் உண்டு. அப்பா அம்மா இருக்கிறார்களா, இல்லையென்றால் எந்த வயதில் இறந்தார்கள், எதனால் இறந்தார்கள் என்று எழுத வேண்டும். மற்ற ஏஜெண்டுகள் அந்த இடத்தில் 'வயது மூப்பு' என்று தாங்களே எழுதிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு, ஆளின் முகத்தைப் பார்த்து, "எதுல செத்தாக?" என்பாள்.

தென்காசி பஜாரில் ஒரு பாத்திரக்கடைக்காரர், அப்பா மாரடைப்பில் போனார் என்று சொன்னார். கடை நிறைய ஆட்கள். நானும் ஏதோ வாங்கப் போய் நின்றுகொண்டிருந்தேன். அக்கா, "அண்ணாச்சி, உங்கப்பாவ நான் பாத்திருக்கேன். ஆறு மாசமா எலும்பும் தோலுமா கெடந்தாரு. மாரடைப்பு ஆறு மாசமாவா வரும்? உள்ளதச் சொல்லுங்க" என்றாள். கடையே திரும்பிப் பார்த்தது. அவர் முகம் சுண்டிப்போய், "குடல்ல புண்ணு இருந்துச்சும்மா" என்றார். "அது புண்ணு இல்ல அண்ணாச்சி. உங்களுக்கும் அம்பது ஆயிட்டுல்லா, ஒருக்க குடல டெஸ்ட் பண்ணிப் பாத்துருங்க" என்றாள். அவர் பாலிசியை வேறு ஒரு ஏஜெண்டிடம் போட்டுக்கொண்டார். அக்காவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. எனக்குத்தான் அந்தக் கடைக்குள் அதன்பிறகு கால் வைக்கக் கூச்சமாக இருந்தது.

எனக்கு எப்போதுமே அவளால் கூச்சம்தான். நான் போலீஸ்காரன், சிறப்பு எஸ்.ஐ. நாலு பேர் முன்னால் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிற உத்தியோகம். அப்படி நிற்கிற நேரத்தில், "ஏலே, மூலத்துக்கு மருந்து சாப்பிடுதியா?" என்று ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்டால் எப்படி இருக்கும்?

நாங்கள் மூன்று பேர். அக்கா மூத்தவள், அடுத்து நான், கடைசியாகச் செல்வி. செல்வியை ராயகிரியில் விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அம்மா செத்தபோது செல்விக்கு எட்டு வயது. தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடம் அனுப்பியது, பெரியவளானபோது பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தது அக்காதான். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. செல்வியும், பிறகு என் மகளும்தான் அவளுக்குப் பிள்ளைகள்.

ஐம்பதாவது வயதில் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போனோம். ஒரு மார்பை எடுத்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் அதை 'அந்த நோவு' என்றுதான் சொன்னார்கள். வாயில் வைத்தாலே ஒட்டிக்கொள்ளும் என்கிற மாதிரி. அக்கா பால்காரரிடம், "நாளையிலேந்து அரை லிட்டர் கூடப் போடுங்க, கேன்சர்ல்லா வந்திருக்கு, டாக்டர் தெம்பா சாப்பிடச் சொல்லிருக்காரு" என்றாள். முடி கொட்டினபோது தலையில் துண்டுகூடப் போடவில்லை. அந்த மொட்டைத் தலையோடு ஸ்கூட்டியில் போவாள்.

அடுத்த சீசனில் எனக்குக் குற்றாலத்தில் பந்தோபஸ்து. சாரல் நன்றாக விழுந்த வருஷம். மெயின் அருவியில் கூட்டம் நெரிந்தது. அக்கா குளிக்க வந்திருப்பது எனக்குத் தெரியாது. பெண்கள் பக்கம் டூட்டியில் இருந்த பெண் காவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சார், அங்கன ஒரு அக்கா அருவிக்குள்ள நின்னு கிளாஸ் எடுக்காங்க. நனைஞ்ச நைட்டியில ஒரு பக்கம் இல்லாதது தெரிஞ்சுதுல்லா, ஒரு அம்மா ஒருமாதிரி பாத்துட்டாங்க போல. 'என்னம்மா பாக்கிய, கேன்சர், எடுத்தாச்சு, ஒட்டாது. நீங்க கையால தடவிப் பாத்திருக்கியளா'ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. இப்ப அவங்களச் சுத்தி பத்துப் பேரு நிக்காங்க. உங்களத் தெரியும்னு சொல்லுதாங்க. உங்க அக்காவா சார்?"

பக்கத்தில் என்னுடைய இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார்.

"ஊர்க்காரங்க" என்றேன். "தெரிஞ்சவங்க."

சொல்லிவிட்டுத் திரும்பினால், தலை சொட்டச் சொட்ட அக்கா பின்னால் நிற்கிறாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. "ஆமாம்மா, ஊர்க்காரிதான்" என்று அந்தப் பெண் காவலரிடம் சொன்னாள். "இவரு சின்னப்பிள்ளையில டவுசர்ல ஒண்ணுக்கு இருந்தப்பல்லாம் அலசிப் போட்ட ஊர்க்காரி." இன்ஸ்பெக்டர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நான் கூட்டத்தை ஒழுங்கு செய்கிற மாதிரி அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்து ஒரு பையன் வந்து நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தைக் கையில் கொடுத்தான். அக்கா வாங்கிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டாள் என்றான். சூடாக இருந்தது. தின்றேன். வெட்கம் கெட்டவன், எல்லாவற்றையும் தின்றேன்.

ஆபரேஷன் சமயத்திலேயே டாக்டர் அக்காவிடம் குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டிருக்கிறார். அக்கா இருபது வருஷமாக ஊரையே கேட்ட கேள்வியை அவளிடம் ஒருத்தர் திருப்பிக் கேட்டார். "அம்மா மஞ்சக்காமாலையில போயிட்டாக" என்று சொல்லியிருக்கிறாள். தன்னுடைய சொந்தப் பாலிசிப் படிவத்திலும் அதைத்தான் எழுதியிருந்தாள். எங்கள் அப்பா அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். ஆனால் டாக்டர் விடவில்லை. கண் மஞ்சளாக இருந்ததா, வயிறு வீங்கியிருந்ததா என்று துருவியிருக்கிறார். அக்கா ஊருக்கு வந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே வடகரைக்குப் போனாள், அம்மாவின் தம்பி வீட்டுக்கு. மாமாவை உட்கார வைத்து விசாரித்திருக்கிறாள். போலீஸ்காரன் நான் தோற்றேன். ஒன்றரை மணி நேரத்தில் மாமா எல்லாவற்றையும் கக்கிவிட்டார். அம்மாவுக்குக் காமாலையும் இல்லை, ஒன்றும் இல்லை. முட்டைப்பையில் கட்டி, வயிறு முழுக்க நீர். அம்மாவின் அக்காவுக்கு மார்பில் புண். 'சூடு' என்று சொல்லி முப்பத்தெட்டு வயதில் தூக்கிக்கொண்டு போய் எரித்திருக்கிறார்கள்.

அதன்பிறகுதான் அக்கா டாக்டர் சொல்லியிருந்த ஜீன் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டாள். ஐப்பசியில் ரிப்போர்ட் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். வந்து உட்கார்ந்ததும் படிவம் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் கட்டமும் வட்டமுமாக வரைந்தாள். கட்டம் ஆண், வட்டம் பெண். பெரியம்மா வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக அடைத்தாள், அம்மா வட்டத்தை அடைத்தாள், தன் வட்டத்தை அடைத்தாள்.

"ஒரு ஜீன் இருக்காம்லே. உடம்புல கட்டி வராம தடுக்கதுதான் அதுக்கு வேலை. ஒவ்வொரு செல்லுலயும் ரெண்டு இருக்கும், அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணு. நீ அருவிக்கரையில என்ன செய்யுத? தண்ணி கூடிட்டுன்னா விசில் ஊதி எல்லாரையும் வெளிய வெரட்டுத. அதுதான். செல்லு கன்னாபின்னான்னு பெருகப் போச்சுன்னா அது நிப்பாட்டும், கெட்டுப் போனதச் சரி பண்ணும். எனக்கு அம்மா குடுத்த போலீஸ்காரன் பொறக்கும்போதே லீவுல போயிட்டான். அப்பா குடுத்தவன் ஒத்தையில அம்பது வருஷம் டூட்டி பாத்திருக்கான் பாவம். ஒருநா அவனும் கண்ணசந்துட்டான்."

"நம்ம டிபார்ட்மென்ட்ட ஏன்க்கா இழுக்கே?" என்று சிரித்தேன். அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் பையிலிருந்து ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் மூன்று பிரதி எடுத்தாள். "இது உனக்கு. இது செல்விக்கு. இது மாமா வீட்டுக்கு. நம்ம மூணு பேருக்குமே பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டாம். எனக்கு வந்துட்டு. உனக்கு இருந்துச்சுன்னா உன் மகளுக்கும் போகலாம். ஆம்பளைகிட்ட தங்காதுன்னு நெனைக்காத, ஆம்பளை வழியாவும் போவும். செல்விக்கு உடனே சொல்லணும்னு டாக்டர் சொன்னாரு. அவ பிள்ள பெத்து முடிச்சுட்டா, டெஸ்ட்டுல இருந்துச்சுன்னா முட்டைப்பைய எடுத்துரலாமாம். எடுத்துட்டா அம்மாவுக்கு வந்தது அவளுக்கு வராம அநேகமா தப்பிச்சுக்கலாம். நானும் அடுத்த மாசம் எடுக்கப் போறேன். நாளைக்கு ராயகிரிக்குப் போறேன்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த வாரம்தான் என் மகளுக்கு ராயகிரியில் இடம் பேசி முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை, செல்வியின் புருஷனுக்குப் பங்காளி வீட்டுப் பையன். நல்ல வேலை, நல்ல குடும்பம், வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். அத்தைக்காரிக்குக் கேன்சர் என்பது அவர்களுக்கும் தெரியும். அக்கா வாயை வைத்துக்கொண்டு அதை எங்கே மறைப்பது? அது பரவாயில்லை. ஒருத்திக்கு வந்தால் அவள் தலையெழுத்து என்று விட்டுவிடுவார்கள். அம்மாவுக்கு, பெரியம்மாவுக்கு, அக்காவுக்கு, அடுத்து பெண்ணுக்கு என்று ரத்தத்திலேயே ஓடுகிறது என்று ஒரு காகிதம் இருந்தால் எவன் கட்டுவான்? செல்விக்குச் சொன்னால் அவள் மாமியாருக்குச் சொல்லுவாள். மாமியார் அறிந்தால் பங்காளி வீடு அறியும்.

"கல்யாணம் முடியட்டும்க்கா. அஞ்சு மாசந்தான."

"செல்விக்கு மட்டுமாவது சொல்லுதேன்லே."

"அவளுக்குத்தான் சொல்லக்கூடாதுங்கேன். எம்மக கல்யாணம் நின்னா நீ பொறுப்பேத்துக்கிடுவியா?"

"மொதல்ல நீ போய் டெஸ்ட் எடு. உனக்கு இல்லன்னு வந்துட்டா உம்மகளுக்கும் இல்ல. பொறவு எவன் என்ன சொல்லுவான்?"

"இருக்குன்னு வந்துட்டுன்னா?"

நான் பயந்தாங்கொள்ளி. தெரிந்துகொள்ளவும் பயம், தெரிவிக்கவும் பயம். அந்த நேரம் என் மகள் காபி டம்ளரோடு வந்தாள். நான் யோசிக்கவே இல்லை. அக்காவின் வலது கையைப் பிடித்துப் பிள்ளையின் தலையில் வைத்தேன். "இவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு. நான் சொல்லுத வரைக்கும் யார்கிட்டயும், செல்விகிட்டயும், சொல்ல மாட்டேன்னு சொல்லு." என் மகள் ஒன்றும் புரியாமல், "என்ன அத்தை விளையாட்டு இது?" என்று சிரித்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். "சத்தியம்" என்றாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

தலையில் கை வைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்கு ஆகாது என்பது எங்கள் பக்கம் பெரிய நம்பிக்கை. ஜீனைப் பற்றிக் கிளாஸ் எடுக்கிறவள் இதையெல்லாம் நம்புவாளா என்று நீங்கள் கேட்கலாம். நம்பினாள். அவள் நம்புவாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். ஒரு கைதியிடம்கூட நான் அப்படி வாக்குமூலம் வாங்கினதில்லை. மூன்று ஜெராக்ஸையும் வாங்கி பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன்.

கல்யாணத்தன்று அக்கா பட்டுச்சேலை கட்டி வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி பேச்சோடு பேச்சாக, "உங்கம்மா எதுலம்மா செத்தாவ?" என்று கேட்டாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன். என் உயிர் கையில் இல்லை. அக்கா சந்தனக் கிண்ணத்தை அவள் பக்கம் நீட்டினாள். பிறகு "மஞ்சக்காமாலை" என்றாள். ஊர் முழுக்க உண்மையைப் பிடுங்கியெடுத்தவள், என் மகளுக்காக, அதே பழைய பொய்யைச் சொன்னாள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கல்யாணம் முடிந்த மறுவாரமே வந்தாள். "இப்பச் சொல்லட்டுமாலே?" நான், "புதுசா போன எடம், ஒரு வருஷம் போகட்டும்" என்றேன். பிறகு வளைகாப்பு முடியட்டும் என்றேன். பிள்ளை பிறக்கட்டும் என்றேன். ஒவ்வொரு தடவையும் அவள் என்னிடம் வந்து அனுமதி கேட்டாள், மூத்தவள், ஸ்டேஷனில் மனுக் கொடுக்க வந்தவள் போல. ஒவ்வொரு தடவையும் ஒரு தேதி சொல்லி அனுப்பினேன்.

பேரன் பிறந்த சமயத்தில் அக்காவுக்கு நோய் திரும்பி வந்தது. இந்தத் தடவை நுரையீரலில். அப்போது ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அவள் படுக்கையில் உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரிக்கு அதை விளக்கிக்கொண்டிருந்தாள். "செல்லு கிழிஞ்சா தைக்கதுக்கு உள்ள ரெண்டு தையக்காரன் உண்டும்மா. என் கேன்சர் செல்லுல ஒருத்தன் இல்ல, அதனாலதான் அது கெட்டதே. இந்த மாத்திரை இன்னொருத்தன் கையையும் கட்டிப் போட்டுரும். தைக்க ஆளில்லாம அது கிழிஞ்சே செத்துரும். நல்ல செல்லுல ஒரு தையக்காரன் மிச்சம் இருக்கான்லா, அது பொழச்சுக்கிடும். எந்த ஓட்டையால நோவு வந்துச்சோ அந்த ஓட்டையில வச்சே அடிக்கானுவ." அப்படிச் சொல்லும்போது முகம் பூரித்திருந்தது. அந்த மாத்திரையில் ஒன்றே முக்கால் வருஷம் நன்றாக இருந்தாள், ஸ்கூட்டிகூட ஓட்டினாள். பிறகு அதுவும் கேட்கவில்லை.

கடைசி வாரத்தில் என்னைக் கூப்பிட்டு, "ஏலே, என்னை விட்டுரு" என்றாள். உயிர் போவதைச் சொல்கிறாள் என்று நினைத்து அழுதேன். சத்தியத்திலிருந்து விடச் சொன்னாள் என்பது இரண்டு நாள் கழித்து, அவளை எரித்துவிட்டு வந்து குளிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. துக்க வீட்டில் செல்வி ஒரு ஓரமாக நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கொஞ்ச காலமாக அக்காவும் அவளும் பேசுவதில்லை என்று தெரியும். ஏதோ பொம்பளைச் சண்டை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அப்போதாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். பதினாறு முடியட்டும் என்று எனக்கு நானே ஒரு தேதி சொல்லிக்கொண்டேன்.

நாலாவது மாதம் செல்விக்கு வயிறு வீங்கியது. வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஸ்கேன் எடுத்தபோது அம்மாவுக்கு வந்ததேதான். முட்டைப்பையில் தொடங்கி வயிறு முழுக்கப் பரவியிருந்தது. அதே திருவனந்தபுரத்துக்கு, ஆனால் வேறு ஆஸ்பத்திரிக்கு, நான்தான் கூட்டிப் போனேன். புது டாக்டர், சின்ன வயதுப் பெண், ஒரு தாளில் கட்டமும் வட்டமும் வரைந்துகொண்டே கேட்டார்.

"அக்காவுக்கு ஜீன் டெஸ்ட் பண்ணினாங்களா? ரிப்போர்ட் இருந்தா எந்த இடத்துல கோளாறுன்னு நேரா அங்கேயே பாத்துடலாம். இல்லன்னா முழுசாத் தேடணும், நாளாகும்."

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரிப்போர்ட் என் பீரோவில் இருந்தது. ஒரு போன் போட்டால் என் வீட்டில் படம் எடுத்து அனுப்பியிருப்பார்கள்.

"பண்ணுனா போல இருக்கு டாக்டர்" என்றேன். "எங்ககிட்ட ஒண்ணும் சொல்லல. அவ ஒருமாதிரி."

அவ ஒருமாதிரி. செத்துப்போனவள் மேல் பழியைப் போட்டேன். அதனால் மூன்று வாரம் வீணாகக் காத்திருந்தோம். ரிப்போர்ட் வந்தது, அக்காவுக்கு இருந்த அதே கோளாறு. செல்விக்கு ஆபரேஷன், கீமோ, பிறகு அதே மாத்திரை. கூடப் பிறந்தவன் என்று என் ரத்தத்தையும் எடுத்தார்கள். பத்து நாளில் அந்தப் பெண் டாக்டர் சிரித்த முகமாக, "உங்களுக்கு இல்ல சார். உங்க மகளுக்கும் பயமில்ல" என்றார்.

எனக்கு இல்லை. என் மகளுக்கும் இல்லை. அக்கா சொன்ன அன்றே போய் ரத்தம் கொடுத்திருந்தால், நிச்சயதார்த்தத்தையே ஒரு மாதம் தள்ளி வைத்துவிட்டு, அந்தக் காகிதத்தை மாப்பிள்ளை வீட்டு நடுக்கூடத்தில் வைத்துப் பேசியிருக்கலாம். எதை மறைக்கிறோம் என்றே தெரியாமல் மறைத்திருக்கிறேன். மருந்துக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஒரு ஆள் வந்து, "பேஷண்டுக்கு ரொம்ப முடியலையா அண்ணாச்சி?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அப்போதும் சொல்லவில்லை. அக்காவின் வருஷத் திதி வந்தபோது செல்வியைக் கூப்பிட்டேன். "நான் வரல. பாத்திரக்கடைக்காரன்லேந்து பால்காரன் வரைக்கும் எல்லாருக்கும் நோவச் சொன்னா. இது ரத்தத்துல ஓடுதுன்னு கூடப் பிறந்த எனக்குச் சொல்லல. அவளுக்கு நான் எதுக்கு வந்து நிக்கணும்?" என்று போனை வைத்துவிட்டாள். செல்வி சாகிற வரைக்கும் அக்காவை வெறுத்துக்கொண்டேதான் சாவாள் என்பது அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது.

மறுநாள் பீரோவிலிருந்து ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு ராயகிரிக்குப் போனேன். செல்வி கூடத்தில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காகிதத்தை மடியில் வைத்தேன். தேதியைப் பார்த்தாள்.

"இது நம்ம பிள்ள கல்யாணத்துக்கு முந்துன ஐப்பசில்லா?"

"ஆமா. அன்னைக்கே உனக்குக் குடுக்கச் சொன்னா. நான்தான் விடல. எம்மக தலையில கைய வச்சுச் சத்தியம் வாங்கிட்டேன்."

திட்டுவாள், அறைவாள் என்று தயாராகத்தான் வந்திருந்தேன். அவள் திட்டவில்லை. காகிதத்தை இன்னொரு தடவை படித்துவிட்டு, "அப்போ அந்தப் பாலிசி?" என்றாள்.

"என்ன பாலிசி?"

"மாசந்தவறாம போன் போடுவாண்ணே. 'ஏட்டி, உனக்கு ஒரு பெரிய பாலிசி போடுதேன், பணம் நான் கட்டுதேன், நீ மெடிக்கல் மட்டும் எடு. வயித்து ஸ்கேன் எடு, ரத்தம் குடு'ன்னு உசுர வாங்குவா. வேண்டாம்னா விட மாட்டா. தென்காசியிலேந்து ஒருக்க காரே அனுப்பி வச்சா, நான் திருப்பி அனுப்பிட்டேன். ஒருநா நேராவே வந்து நின்னா. மாமியா இருக்காவ, அக்கம்பக்கத்து ஆளுக இருக்காவ. எனக்குக் கோவம் வந்துட்டு. 'ஒத்த மாரோட கமிஷனுக்கு வீடு வீடா அலையுதியேக்கா, வெக்கமா இல்லையா'ன்னு கேட்டுட்டேன்."

உருண்டு வந்த ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நான் குவியலில் வைத்தேன்.

"'ஆமாட்டி, கமிஷனுக்குத்தான் அலையுதேன். எனக்காவ எடுத்துரு'ன்னா. எல்லாரு முன்னாலயும் கையெடுத்துக் கும்பிட்டாண்ணே. நான் உள்ள போய்க் கதவச் சாத்திட்டேன். அவ நம்பரையும் பிளாக் பண்ணிட்டேன்."

துக்க வீட்டில் வராத அழுகையெல்லாம் அப்போது வந்தது. எலுமிச்சம்பழங்களுக்கு நடுவே குப்புற விழுந்து, "எக்கா, எக்கா" என்று கத்தினாள். நான் தோளைத் தொடப் போனேன். "தொடாத" என்றாள்.

சத்தம் கேட்டு உள்ளே படித்துக்கொண்டிருந்த அவள் மகள் ஓடி வந்தாள். காலேஜில் முதல் வருஷம் படிக்கிறாள். "என்ன மாமா ஆச்சு? அம்மா ஏன் அழுதா?" என்று கேட்டாள்.

செல்வி எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உக்காருட்டி" என்றாள் மகளிடம். பிறகு என்னைப் பார்க்காமல், "எம்மகளும் இந்த டெஸ்ட் எடுக்கணும், அவகிட்ட நீயே சொல்லுண்ணே. அவ பெரியம்மாவ, நம்ம அக்காவ, நீ என்ன பண்ணுனன்னு சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு" என்றாள்.

சொன்னேன். பீரோ, சத்தியம், சந்தனக் கிண்ணம், டாக்டரிடம் சொன்ன பொய், எல்லாம் சொன்னேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்தப் பிள்ளை என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.